பின்தங்கிய கடிகாரம்

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை மாலையில் எங்கள் வீட்டுப் பழைய கணிப்பொறி, இணையத்தோடு தனக்கிருந்த தொடர்பை இழந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த ஒரு பெட்டி பழுதானதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் எண்ணக்கூடும். நானும் அன்று அதைப் பெரிதாக எண்ணவில்லை. பெட்டிதானே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆனால் அந்தப் பெட்டி பேச மறுத்த மூன்று வாரங்களில், என் தாயிடம் நான் எப்படிப் பேசிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரிய வந்தது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு சின்னசேலத்தில் இருக்கிறது. மாடியில் நின்றால் வடமேற்கே கல்வராயன் மலை நீலக் கோடாகத் தெரியும். என் தந்தை அந்த மலையிலிருந்து இறங்கும் புளியையும் கடுக்காயையும் வாங்கி விற்ற சிறு வணிகர். நான் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் ஒரே தங்கை மஸ்கட் நகரில் செவிலியாகப் பணிபுரிகிறாள். 2010-இல் விடுமுறைக்கு வந்திருந்தபோது, பெற்றோர் தன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதற்காக அவள்தான் அந்தக் கணிப்பொறியை வாங்கி வைத்துவிட்டுப் போனாள். அடுத்த ஆண்டே தந்தை காலமானார். அதன்பின் அந்தப் பெட்டி முழுவதும் அம்மாவுக்கு உரியதாயிற்று.

கைபேசிகள் மலிந்துவிட்ட இக்காலத்தில் அந்தப் பெட்டி எதற்கு என்று கேட்பீர்கள். அம்மாவுக்கு அப்போது எண்பத்து நான்கு வயது. விழித்திரை தேய்ந்து, பார்வையின் நடுப்பகுதி மங்கிவிட்டது. கைபேசியின் சிறு கண்ணாடியில் மகளைக் காட்டினால், "என்னமோ எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். கணிப்பொறியின் அகன்ற திரையிலோ, முகத்தை நிறையப் பெரிதாக்கி, அவர் நாற்காலியைச் சற்றுச் சாய்த்துப் போட்டால், மகளின் நெற்றியும் கண்ணும் சிரிப்பும் அவருக்குத் தெரியும். ஓமன் நாட்டில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஆதலால் அங்குள்ள நம் மக்களுள் பலர் ஞாயிறு திருப்பலியை வெள்ளியன்றே கண்டுவிடுகிறார்கள். தங்கையும் கோவிலுக்குப் போய் வந்து, நம் கடிகாரத்தில் மாலை ஆறரை மணிக்கு அழைப்பாள். அங்கே அப்போது ஐந்து மணி. அம்மா ஐந்தரைக்கே முகம் கழுவி, வெளுத்த சேலை உடுத்தி, திரைக்கு எதிரே அமர்ந்துவிடுவார். பெருந்தொற்றினால் இரண்டு ஆண்டுகள் தங்கை ஊர்ப்பக்கம் வர இயலாதிருந்த காலத்தில், அந்த அரை மணி நேரமே அம்மாவுக்கு வாரத்தின் உயிர்நாடியாக இருந்தது.

இதற்கிடையில் அம்மாவின் நினைவும் மங்கத் தொடங்கியிருந்தது. செபமாலையின் தேவ இரகசியங்கள் அனைத்தையும் பிழையின்றிச் சொல்வார். சிறுமியாக இருந்தபோது படித்த மூவேளைச் செபம் ஒரு சொல் தவறாது. ஆனால் இன்று என்ன கிழமை, இது எந்த ஆண்டு என்பது தெரியாது. எங்கள் ஊர் முன்பு தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-இல் விழுப்புரம் மாவட்டமாயிற்று. 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டமாயிற்று. வீடு ஓர் அங்குலமும் நகரவில்லை. முகவரி மட்டும் இரண்டு முறை மாறிவிட்டது. அம்மா மட்டும் மகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லும்போதெல்லாம், "தென்னாற்காடு ஜில்லான்னு போடு, அப்பத்தான் பதில் வரும்" என்பார். அதை நாங்கள் சிரித்துக்கொண்டு கடந்துவிடுவோம். கடக்க முடியாத கேள்வி ஒன்று இருந்தது. பொழுது சாய்ந்ததும் வாசலைப் பார்த்து, "அப்பா இன்னும் கடையிலிருந்து வரலையா?" என்று கேட்பார்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு நான் திரும்ப வேண்டும். முந்திய நாள் பராமரிப்புப் பணிக்காக ஊரில் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது. நானும் வழக்கம்போல் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி வைத்திருந்தேன். மறுநாள் கணிப்பொறியைப் போட்டபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு மூன்று ஆங்கில வரிகள் தோன்றி நின்றன. கடைசி வரி எஃப்1 விசையை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். வழக்கமான படம் வந்தது. தங்கையை அழைக்க முயன்றபோது தொடர்பு கிடைக்கவில்லை. உலவியைத் திறந்து எந்தத் தளத்துக்குப் போனாலும் எச்சரிக்கைக் குறியோடு ஓர் அறிவிப்பு வந்தது. மூடினேன். மீண்டும் வந்தது. மீண்டும் மூடினேன்.

அதன்பின் நான் செய்தவற்றை இங்கு மறைக்கப் போவதில்லை. இணைப்புக் கொடுத்திருந்த நிறுவனத்தின் மீது சினம் கொண்டேன். மோடத்தை நான்கு முறை அணைத்துப் போட்டேன். கம்பியைக் கழற்றி மாட்டினேன். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் ஏணியைச் சாய்த்துக் கம்பியை நசுக்கியிருப்பார்கள் என்று அவர்களையும் ஏசினேன். முறையிட்டு இரண்டு நாள் கழித்து ஓர் இளைஞர் வந்தார். மோடத்தின் விளக்குகளைப் பார்த்தார். தம் கைபேசியை அதே இணைப்பில் சேர்த்து ஏதோ படம் ஓடவிட்டுக் காட்டினார். "சார், லைன் நல்லாத்தான் இருக்கு. கோளாறு உங்க பெட்டியில" என்றார். அவர் சொன்னது உண்மை. நான் அதை நம்பவில்லை. தம் தவறை மறைக்க நம் பொருள்மீது பழி போடுகிறார் என்றே எண்ணி, அவருக்கு ஒரு குவளைத் தண்ணீர்கூடத் தராமல் அனுப்பினேன்.

இரண்டாம் வெள்ளியும் போயிற்று. கைபேசியில் தங்கையைக் காட்டினோம். குரல் கேட்டது, ஆனால் முகம் தெரியாத குரலை அம்மா நம்பவில்லை. "இது வேற யாரோ. பாப்பா மாதிரி பேசுறாங்க" என்று சொல்லி எழுந்துவிட்டார். மறுநாள் காலையில் இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "பாப்பாவுக்கு என் மேல கோவமா, தம்பி? நான் ஏதாச்சும் சொல்லிட்டேனா?" இல்லை, கணிப்பொறி கெட்டுவிட்டது என்றேன். "சரி, அப்பா வரட்டும். அவர் மெட்ராசுக்கு ஆள் அனுப்பிச் சரிபண்ணுவார்" என்றார்.

அன்று எனக்கு என்ன நேர்ந்ததோ தெரியவில்லை. பல நாள் சலிப்பு ஒன்றாகத் திரண்டு நாவில் வந்து நின்றது. "அம்மா, அப்பா எங்கிருந்து வருவார்? அவர் செத்துப் பதினொரு வருஷம் ஆச்சு. இது 2022. எத்தனை தடவை சொல்றது?" என்று உரக்கச் சொன்னேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தச் செய்தியை அவர் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறார் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. "எப்ப?" என்றார். "எனக்கு ஏன் சொல்லலை?" என்றார். பிறகு, கணவனை அன்று இழந்த பெண் எப்படி அழுவாளோ அப்படி அழுதார். என் மனைவி ஓடிவந்து அவரை அணைத்துக்கொண்டாள். நான் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆண்டு சரி, கணக்குச் சரி. ஆயினும் என் தாயை நான் அடித்துவிட்டேன் என்றே உணர்ந்தேன்.

மூன்றாம் வாரத்தில், கடைத்தெருவில் வானொலிப் பெட்டியும் மிக்சியும் பழுது பார்க்கும் ஒருவரை அழைத்து வந்தேன். என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவர். அவருக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. கருவிப் பையைத் தரையில் வைத்துவிட்டு, பெட்டியைத் திறக்காமலே, திரையின் வலப்பக்க மூலையைச் சுட்டிக் கேட்டார்: "சார், இன்னைக்கு என்ன தேதி?"

ஜூன் 22 என்றேன்.

"உங்க கம்ப்யூட்டரு 2009 ஜனவரி ஒண்ணுன்னு நினைச்சிட்டிருக்கு, சார்."

மூலையில் சிறு எழுத்தில் அப்படித்தான் இருந்தது. பிறகு உலவியைத் திறந்து, நான் மூன்று வாரமாக மூடிக்கொண்டிருந்த அறிவிப்பைப் படித்துக் காட்டினார். உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று அதிலேயே எழுதியிருந்தது. கணிப்பொறியை அணைத்துப் போட்டு, கறுப்புத் திரையின் வெள்ளை எழுத்துகளையும் படித்தார். உள்ளே நேரக் கணக்கு அழிந்துவிட்டதென்று அதுவும் சொல்லியிருந்தது. தேர்வறையில் முப்பது ஆண்டுகளாக, "கேள்வியை முழுவதும் படித்துவிட்டு எழுதுங்கள்" என்று மாணவர்க்கு அறிவுரை சொன்னவன் நான். அந்த மாணவருள் ஒருவர் என் எதிரே நின்று கேள்வியை எனக்குப் படித்துக் காட்டினார். நல்லவேளையாக அவர் சிரிக்கவில்லை.

கடிகாரம் பின்தங்கினால் இணையம் ஏன் அறுந்துபோக வேண்டும்? நானும் அதைத்தான் கேட்டேன். அவர் சொன்னதையும், பின்னர் நானே படித்து அறிந்ததையும் வாசகர்களின் பயன் கருதிச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நாம் ஓர் இணையதளத்துக்குச் செல்லும்போது, அத்தளம் முதலில் தன் சான்றிதழை நீட்டுகிறது. இன்ன தளம் நான்தான் என்பதற்கு நம்பிக்கைக்குரிய ஓர் அமைப்பு ஒப்பமிட்டுத் தந்த மின்னணு ஆவணம் அது. அதில் இரண்டு தேதிகள் உண்டு: இந்நாள் முதல் செல்லும், இந்நாள் வரை செல்லும். நம் கணிப்பொறி தன் கடிகாரத்தைப் பார்த்து, இன்றைய நாள் அவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே பேச்சைத் தொடங்குகிறது. முன்னாளில் பெரும்பாலான தளங்கள் இத்தகைய சான்றிதழின்றியே இயங்கின. அப்போது கடிகாரம் தவறியிருந்தாலும் பெரிதாக ஒன்றும் நேராது. இப்போது ஏறத்தாழ எல்லாத் தளங்களும் சான்றிதழோடுதான் வருகின்றன. அவற்றின் ஆயுளும் குறுகிவிட்டது. 2020 செப்டம்பர் முதல் வழங்கப்படும் சான்றிதழ்கள் 398 நாள்களுக்கு மேல் செல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. எனவே 2009-இல் நிற்கும் ஒரு கணிப்பொறியிடம் 2022-ஆம் ஆண்டுச் சான்றிதழை நீட்டினால், அது இன்னும் பிறக்காத சான்றிதழ் என்று தள்ளிவிடுகிறது. கம்பியில் பழுதில்லை, மறுமுனையில் அழைப்பவரும் காத்திருக்கிறார், ஆனால் நாள் ஒத்துவராததால் நம்பிக்கை பிறப்பதில்லை.

இனி, நாள் ஏன் தவறியது? கணிப்பொறியின் மதர்போர்டில் ஒரு சிறு கடிகாரம் உண்டு. நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத் துண்டு ஒன்று அதை நடத்துகிறது. மின்சாரம் இல்லாத போதும் அது ஓடுவதற்காக, நாணயம் போன்ற ஒரு பட்டன் செல் பொருத்தப்பட்டிருக்கிறது. பெரும்பாலான பெட்டிகளில் இருப்பது சிஆர் 2032 என்னும் மூன்று வோல்ட் செல். அப்பெயரில் உள்ள எண்களே அதன் அளவைச் சொல்கின்றன: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். சில ஆண்டுகளில் அது தீர்ந்துபோகும். சுவரில் மின்சாரம் இருக்கும்வரை அந்தக் குறை வெளியே தெரியாது. பிளக்கைப் பிடுங்கியதும் கடிகாரம் தன் முதல் நாளுக்குத் திரும்பிவிடும். எங்கள் பெட்டிக்கு அந்த முதல் நாள் 2009 ஜனவரி 1.

இணையத்தைப் பார்த்துத் தன் கடிகாரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு விண்டோஸில் உண்டே என்று இளைஞர்கள் கேட்பார்கள். உண்டு. ஆனால் சிறு வேறுபாட்டைத்தான் அது திருத்தும். பல மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், பாதுகாப்புக் கருதி அந்தத் திருத்தத்தையே ஏற்க மறுத்துவிடும். வெகுதூரம் விலகிப் போனதை வேறொருவர் வந்து கைப்பிடித்துத்தான் அழைத்து வர வேண்டும்.

அவர் முதலில் தேதியையும் ஆண்டையும் நேரத்தையும் கையால் திருத்தினார். உலவியைத் திறந்தார். இணையம் வந்துவிட்டது. பிறகு மின் இணைப்பைப் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றி, பன்னிரண்டு ஆண்டுத் தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டு, பழைய செல்லை நகத்தால் நெம்பி எடுத்து, முப்பது ரூபாய்க்கு வாங்கி வந்திருந்த புதியதை எழுத்துள்ள பக்கம் மேலாக வைத்து அழுத்தினார். தொடக்க அமைப்புத் திரையில் நேரத்தைப் பதித்துச் சேமித்தார். எல்லாம் கால் மணி நேரம். போகும்போது, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் நாளோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன என்றும், இந்தப் பெட்டியில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம், தங்கச்சியோடு பேச மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் எச்சரித்தார். பழைய கணிப்பொறி வைத்திருப்போர் இந்த இரண்டையும் நினைவில் கொள்க: இணைப்பு அறுந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்; வந்த அறிவிப்பை முழுவதும் படியுங்கள்.

நாள் ஒத்துவராமையால் உறவுகள் தடுமாறுவது மனித வரலாற்றுக்குப் புதிதன்று. திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் 1582-இல் நாள்காட்டியைத் திருத்தியபோது, அக்டோபர் 4-ஆம் நாளுக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 என்று கணக்கிடப்பட்டது. அவிலா நகர் புனித தெரேசம்மாள் இறந்தது அந்த இரவில்தான். அக்டோபர் 4-இல் இறந்தவருக்கு மறுநாளாகிய அக்டோபர் 15-இல் அடக்கச் சடங்கு நடந்தது. அவர் திருவிழாவை நாம் 15-ஆம் நாள் கொண்டாடுவதும் அதனாலேயே. இங்கிலாந்து அந்தத் திருத்தத்தை ஏற்க 1752 வரை ஆயிற்று. அதுவரை பாரிசிலிருந்து இலண்டனுக்குச் சென்ற கடிதம், எழுதப்பட்ட தேதிக்கு முன்பே வந்து சேர்ந்ததாகத் தோன்றக்கூடும். இரு தரப்பாரும் பொய்யர் அல்லர். இருவரும் இரு வேறு நாள்களில் வாழ்ந்தார்கள், அவ்வளவே.

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்குத் திரை ஒளிர்ந்தது. தங்கையின் முகம் நிறைந்து வந்தது. அம்மா இரு கைகளாலும் திரையைத் தொட்டார். "வந்துட்டியா பாப்பா! இத்தனை நாளா எங்க போயிட்டே?" என்றார். சிறிது நேரம் கழித்து அந்தக் கேள்வியும் வந்தது: "அப்பா இன்னும் வரலை. நீ பேசினியா அவர்கிட்ட?"

நான் பின்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். தங்கை ஒரு நொடியும் தயங்கவில்லை. "அப்பா நினைவாவே இருக்கியாம்மா?" என்றாள். "அவர் மலைப்புளி எடை போடுவாரே, நான் தராசுத் தட்டுல ஏறி உட்காருவேனே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. கதவு ஒன்று திறந்துகொண்டது போலப் பேசத் தொடங்கினார். மலையிலிருந்து சுமையோடு இறங்கி வருபவர்களுக்கு அப்பா முதலில் கூழ் கொடுத்துவிட்டுத்தான் எடை போடுவார் என்றார். ஒரு முறை எடையில் தவறு நேர்ந்துவிட்டதென்று அடுத்த வாரம் அதற்குரிய காசைத் தனியே எடுத்து வைத்திருந்தார் என்றார். எனக்கே தெரியாத செய்தி அது. இருபது நிமிடம் பேசினார். பிறகு களைத்து, மன நிறைவோடு, "சரி பாப்பா, விளக்கு வைக்கிற நேரமாச்சு" என்று எழுந்து போனார். அப்பா எங்கே என்று அன்றிரவு கேட்கவில்லை.

தங்கையிடம் நான் நடந்ததைச் சொன்னேன்; அம்மாவை அழவைத்ததையும் சொன்னேன். அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "எங்க வார்டுல இப்படி நிறையப் பேரைப் பார்க்கிறேண்ணா. அவங்களை நம்ம தேதிக்கு இழுத்தா வலிக்கும். நாமதான் அவங்க தேதிக்குப் போகணும். அங்க போய்ப் பொய் சொல்ல வேண்டியதில்லை. அவங்க எதைத் தேடுறாங்கன்னு கேட்டா போதும்" என்றாள்.

அவள் சொன்னபடியே அவள் நடந்திருந்தாள். தந்தை உயிரோடிருக்கிறார் என்று அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அம்மா தேடியது தேதியை அன்று, அப்பாவை. அவரைப் பற்றிப் பேசுவதற்கு ஓர் ஆள் அவருக்கு வேண்டியிருந்தது. அந்த வீட்டில் அவரோடு இருந்த நான் ஆண்டுக் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

கணிப்பொறியைப் பழுது பார்க்க அதை நம் நாளுக்குக் கொண்டு வந்தோம். அதற்கு அதுவே மருந்து. அதே மருந்தை என் தாய்க்கும் கொடுக்கப் பார்த்ததுதான் நான் செய்த பிழை. அதன்பின் மாலை வேளைகளில் அம்மா வாசலைப் பார்த்துக் கேட்கும்போது, நான் அருகில் அமர்ந்து, "அப்பா வந்தா முதல்ல என்னம்மா கேட்பார்?" என்பேன். ஒரு நாள் வெந்நீர் என்பார்; ஒரு நாள் என் மதிப்பெண் என்பார். அப்படி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு, என் தந்தையின் வாழ்வை அவர் வாயிலிருந்து நான் துண்டு துண்டாகக் கேட்டேன்.

2024 பிப்ரவரியில் அம்மா ஆண்டவரில் துயில்கொண்டார். அதற்கு முன்னரே, 2023-இன் தொடக்கத்தில், குரோம் உலவியும் விண்டோஸ் 7-க்குப் புதிய பதிப்புத் தருவதை நிறுத்திவிட்டது. இருந்தும் அம்மாவின் கடைசி வெள்ளி வரை அந்தப் பெட்டி தங்கையின் முகத்தைக் காட்டியது. இப்போது அதை யாரும் போடுவதில்லை. இணைப்புச் சரிபார்க்க வந்த அந்த இளைஞரைச் சில மாதம் கழித்துக் கடைத்தெருவில் கண்டு, அவர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டேன். தேநீரும் வாங்கிக் கொடுத்தேன். அவருக்கு என்னை நினைவில்லை. "எந்த வீடு, சார்?" என்று கேட்டார். நான் பொறுமையாக முதலிலிருந்து சொன்னேன்.